டெல்டா வீட்டில் டை-காஸ்ட் கார் சேகரிப்பு: தேர்வும் பராமரிப்பும்

டை-காஸ்ட் கார்களை, அதாவது அச்சில் வார்த்த சிறு உலோகப் பொம்மைக் கார்களைச் சேகரிக்க விரும்புகிறவர், முதல் காரை வாங்குவதற்கு முன்பே தம் சேகரிப்புக்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்வது நல்லது. ஹாட் வீல்ஸ் என்ற பொம்மைக் கார் நிறுவனம் மட்டுமே தன் சாதாரண வரிசையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 250 கார்களை வெளியிடுகிறது. நிற வேறுபாடுகளும் சிறப்பு வரிசைகளும் அதற்கு மேல். மேட்ச்பாக்ஸ், மேஜரெட், டோமிக்கா, சிக்கு, மினி ஜிடி ஆகியவற்றையும் கூட்டினால், எல்லாவற்றையும் வாங்குவது எவராலும் ஆகாத காரியம். கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் அலமாரி விரைவில் நிறைந்துவிடும். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு கார்களுக்கு இடையே என்ன தொடர்பு என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது.

எல்லையைப் பல விதமாக வகுக்கலாம். ஒரே நிறுவனத்தின் பொம்மைகளை மட்டும் சேர்க்கிறவர்கள் உண்டு; ஒரே காலத்தைச் சேர்ந்தவற்றையோ, தீயணைப்பு வண்டி போன்ற ஒரே வகையையோ சேர்க்கிறவர்களும் உண்டு. காவிரி டெல்டாவில் இருப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, நம் சாலைகளிலும் வயல்களிலும் ஓடிய வண்டிகளைத் தேடிச் சேர்ப்பதையே. மகிந்திரா நிறுவனம் 1947-இல் இந்தியாவில் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பின் சிறு வடிவங்களைப் பல நிறுவனங்கள் செய்திருக்கின்றன. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான். அதை டிங்கி, கார்கி என்ற பழைய பொம்மை நிறுவனங்கள் இரண்டும் பொம்மையாக வார்த்தன. 1960-இல் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் வழியாக நம் வயலுக்கு வந்த மாசி பெர்குசன் டிராக்டரும், கிளாஸ் (Claas) நிறுவனத்தின் அறுவடை இயந்திரமும் ஜெர்மனியின் சிக்குவிடம் கிடைக்கும். சிக்குவின் அறுவடை இயந்திரங்கள் பெரும்பாலும் ஐரோப்பியக் கோதுமை வயலுக்கான டயர் வண்டிகள் என்பதையும், நம் சம்பா வயலின் சேற்றில் இறங்கும் பெல்ட் வண்டியின் அமைப்பு வேறு என்பதையும் அறிந்து வாங்குங்கள். அம்பாசடர் விஷயத்திலும் கவனம் தேவை. அது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற இங்கிலாந்துக் காரின் மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்தது. டிங்கி செய்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டோ அதற்கு முந்தைய தலைமுறை, முகப்பும் உடல் வளைவும் வேறு. அதை அம்பாசடர் என்று சொல்லி விலை கூட்டுகிறவரிடம் இந்த வேறுபாட்டைத் தயங்காமல் எடுத்துச் சொல்லலாம்.

அடுத்தது அளவு. ஏறக்குறைய 4.3 மீட்டர் நீளமுள்ள அம்பாசடர், 1:64 அளவில் (உண்மை வண்டியில் 64-இல் ஒரு பங்கு) 7 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும், 1:43 அளவில் 10 சென்டிமீட்டராகவும், 1:18 அளவில் 24 சென்டிமீட்டராகவும் வரும். கையில் இருக்கும் இடத்தையும் பணத்தையும் பார்த்து இவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதிலேயே நிற்பது அலமாரிக்கும் அழகு. ஹாட் வீல்ஸும் பழைய மேட்ச்பாக்ஸும் 1:64 என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், அவை உறையின் அளவுக்குள் அடங்கும்படி செய்யப்பட்டவை என்பதால் அவற்றின் லாரியும் காரும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்கும். மேட்ச்பாக்ஸ் என்ற பெயரே தீப்பெட்டி அளவு உறையிலிருந்து வந்ததுதான். உண்மையான விகிதம் வேண்டுவோர் மினி ஜிடி போன்றவற்றை நாட வேண்டும். விலை பல மடங்கு கூடும்.

வாங்கும் இடம் பற்றிப் பலர் தவறாக நினைக்கிறார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் புதிய பெட்டி பிரிந்த அன்றே அரிய கார்களை அள்ளிச் செல்ல ஆட்கள் காத்திருப்பார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் போன்ற ஊர்களின் பொம்மைக் கடைகளிலும் ஸ்டேஷனரி கடைகளிலும் அந்தப் போட்டி குறைவு. சில கடைகளில் பழைய சரக்கும் கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரே கடைக்கு அடிக்கடி சென்று, கடைக்காரரிடம் முகம் பழகி, புதிய பெட்டி எப்போது வரும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கம்பியில் தொங்கும் அட்டைகளைக் கலைத்தால் மறுபடி ஒழுங்காக மாட்டிவிட்டு வாருங்கள். அடுத்த முறை உள்ளறையில் இருக்கும் பெட்டியைத் திறந்து காட்டுவார். ஹாட் வீல்ஸ் 1995 முதல் டிரெஷர் ஹன்ட் என்ற அரிய வரிசையை வெளியிட்டு வருகிறது. இப்போது வருபவற்றில் காரின் உடலிலேயே வட்டத்துக்குள் ஒரு சுடர் முத்திரை இருக்கும். சூப்பர் டிரெஷர் ஹன்ட் எனில் மினுமினுக்கும் ஸ்பெக்ட்ராஃபிளேம் வண்ணமும் ரப்பர் டயரும் இருக்கும்.

இந்தப் பகுதிக்கே உரிய இன்னொரு வழி, வெளிநாட்டு உறவுகள். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், நாகூர் ஆகிய ஊர்களில் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுக்குப் போய்வந்த ஆட்கள் இல்லாத தெருவைக் காண்பது கடினம். அவர்கள் பிள்ளைகளுக்கு வாங்கி வந்த டோமிக்காவும் மேட்ச்பாக்ஸும் அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகும் பழைய பீரோவிலும் டிரங்குப் பெட்டியிலும் கிடக்கும். காரைக்காலில் பிரான்சில் உறவுள்ள குடும்பங்கள் பல. மேஜரெட் பிரான்சில் பிறந்த நிறுவனம் என்பதால் அங்கே விசாரித்தால் பலன் இருக்கும். பெரியவர்களிடம் கேட்கும்போது வாங்கும் விலையை முதலில் பேசாதீர்கள். அது யாருடைய பொம்மை, யார் கொண்டுவந்தது என்று கேளுங்கள். அந்த விவரம் காரைப் போலவே சேகரிக்கத்தக்கது, பிற்பாடு எங்கும் கிடைக்காதது. அயல்நாட்டிலிருந்து பார்சலில் தருவிப்பவர்கள், பொம்மைகள் மீதான அடிப்படைச் சுங்க வரி 2020-இல் 20-இலிருந்து 60 விழுக்காடாகவும், 2023-இல் 70 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

நம் நாட்டுத் தயாரிப்புகளையும் மறக்கலாகாது. டிங்கியின் அச்சுகள் கல்கத்தாவுக்கு வந்து நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் கார்களாக வார்க்கப்பட்டன. பிற்பாடு லியோ மேட்டல் என்ற பெயரில் ஹாட் வீல்ஸ் இந்தியாவிலேயே தயாரானது. வேறு எங்கும் வராத நிறச் சேர்க்கைகள் அவற்றில் உண்டு என்பதால் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்றும் அவற்றைத் தேடுகிறார்கள். அப்படி ஒன்று சொந்த வீட்டிலேயே கிடைத்தால், பெயின்ட் உரிந்திருந்தாலும் மறுபூச்சுப் பூசாதீர்கள்.

பழைய கார் எதையும் வாங்குமுன் அதைத் தலைகீழாகத் திருப்புங்கள். சன்னல் ஓரத்தில் நின்று, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி அடித்தட்டைச் சாய்த்தால் எழுத்துகள் தெளியும்: நிறுவனப் பெயர், தயாரான நாடு, வண்டியின் பெயர், ஓர் ஆண்டு. ஹாட் வீல்ஸில் அந்த ஆண்டு அச்சுக்கு உரிமை பெற்ற ஆண்டே தவிர, கார் தயாரான ஆண்டு அன்று. 1980-களின் ஆண்டு பொறித்த அடித்தட்டோடு 2000-களில் வந்த கார்கள் ஏராளம். இதை அறியாமல் பழைய கார் என்று கூடுதல் விலை கொடுப்பவர்கள் பலர். அண்மைக் கால ஹாட் வீல்ஸில் ஓர் எழுத்தும் இரண்டு எண்களும் சேர்ந்த சிறு குறியீடு தனியே இருக்கும். எழுத்து ஆண்டையும் எண் வாரத்தையும் குறிக்கும். பிறகு அடித்தட்டை உடலோடு பிணைக்கும் ரிவெட் என்ற ஆணியைப் பாருங்கள். தொழிற்சாலையில் நசுக்கிய ரிவெட்டின் தலை வழுவழுப்பாகக் குமிழ்ந்திருக்கும். அதன் நடுவே துரப்பண வடுவோ, திருகாணியோ, பசையின் பளபளப்போ தெரிந்தால் யாரோ காரைப் பிரித்திருக்கிறார்கள் என்று பொருள். சாதாரண காருக்கு ரப்பர் டயர் மாட்டிச் சூப்பர் டிரெஷர் ஹன்ட் என்று விற்கும் மோசடி இந்த வழியில்தான் நடக்கிறது. பழைய மேட்ச்பாக்ஸில் சக்கரமே காலத்தைச் சொல்லும்: முதலில் உலோகச் சக்கரம், பின்பு சாம்பல் நிறப் பிளாஸ்டிக், அதன் பின் கறுப்புப் பிளாஸ்டிக், 1969 முதல் வேகமாக உருளும் சூப்பர்ஃபாஸ்ட் சக்கரம்.

இனிப் பராமரிப்பு. டெல்டாவில் சேகரிப்பவர் மிகுந்த அக்கறை காட்ட வேண்டியது இதில்தான். டை-காஸ்ட் என்பது துத்தநாகத்தோடு அலுமினியம், மக்னீசியம், தாமிரம் கலந்து உருக்கி, எஃகு அச்சில் அழுத்தத்தோடு செலுத்தி வார்ப்பது. அந்த உலோகத்தில் ஈயம் போன்ற கலப்படம் இருந்துவிட்டால், ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளிருந்தே விரிசல் விட்டு, உப்பி, கடைசியில் கையில் நொறுங்கும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி கார்களில் இதை அதிகம் காணலாம். ஈரம் இதை விரைவுபடுத்தும். இதற்கு மருந்து கிடையாது. பக்கத்துக் காருக்குத் தொற்றாது என்பது ஓர் ஆறுதல். ஆகவே பழைய காரின் உடலில் மயிரிழை விரிசலோ, மூடாத கதவோ தெரிந்தால், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்க வேண்டாம்.

நல்ல உலோகமாக இருந்தாலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையை அது தாங்கியாக வேண்டும். அச்சாணி இரும்பு, முதலில் துருப்பிடிப்பது அதுதான். நாகப்பட்டினம், வேதாரண்யம், காரைக்கால் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்வதால் குரோம் பூச்சு மங்கும். கார்களைக் கண்ணாடிக் கதவு இறுக மூடும் அலமாரியில் வையுங்கள். அதை வெளிச்சுவரை ஒட்டி நிறுத்தாமல் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். ஒவ்வொரு தட்டிலும் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் வையுங்கள். நிறம் மாறியதும் இளஞ்சூட்டில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம், ஆனால் சமையல் பாத்திரத்தில் உலர்த்தக் கூடாது. அட்டையோடு வைத்திருப்பவர்கள் இராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் அஞ்ச வேண்டும் என்பதால், அவற்றை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் நிமிர்த்தி அடுக்கித் தரையிலிருந்து உயரத்தில் வைக்க வேண்டும். பூச்சிக்காக நாப்தலீன் உருண்டை போடும் வழக்கம் துணிக்குச் சரி. அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும் என்பதால் கார்ப் பெட்டிக்கு வேண்டாம். நேர் வெயிலும் ஆகாது. சிவப்பு வெளிறும், அட்டையின் மேலுள்ள பிளாஸ்டிக் குமிழ் மஞ்சளாகும்.

ரப்பர் டயர் உள்ள கார்கள் நெடுங்காலம் ஒரே இடத்தில் நின்றால், டயரில் உள்ள மென்மையூட்டும் வேதிப்பொருள் கசிந்து கீழுள்ள பிளாஸ்டிக் பீடத்தைக் கரைத்து ஒட்டிக்கொள்வது உண்டு. பீடத்துக்கும் அடித்தட்டுக்கும் இடையே சிறு கட்டை வைத்துச் சக்கரங்கள் தொடாதபடி தூக்கி நிறுத்தினால் போதும். தூசியைத் துடைக்க மென்மையான தூரிகையே சிறந்தது. துணியால் தேய்த்தால் தூசிமணல் வண்ணத்தைக் கீறும். தின்னரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் டாம்போ எனப்படும் அச்சு எழுத்துகளை அழித்துவிடும்.

காட்சிக்கு வைப்பதற்கு நம் வீடுகளில் படி கட்டும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. நவராத்திரி கொலுவில் பூங்காவும் சாலையும் அமைக்கும்போது சில கார்களை இறக்கி வைப்பதில் தவறில்லை. ஆனால் மணல் பரப்பிய தரையில் அச்சாணிக்குள் மணல் புகும் என்பதால், அடியில் அட்டை போட்டு அதன் மேல் நிறுத்துங்கள். வீட்டுக்கு வரும் குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு கூடைக் கார்களை வைத்திருங்கள். அலமாரியைத் தொடாதே என்று சொல்லி எந்தக் குழந்தையையும் நிறுத்த முடியாது, கையில் ஒன்று கொடுத்தால்தான் நிற்கும்.

கடைசியாக, ஒரு நோட்டுப் புத்தகம். காரின் பெயர், நிறுவனம், அளவு, அடித்தட்டு எழுத்து, நிறம், சக்கர வகை, நிலை, வாங்கிய இடம், நாள், விலை ஆகியவற்றை வாங்கிய அன்றே எழுதுங்கள்; பக்கவாட்டிலும் அடித்தட்டிலுமாக இரண்டு புகைப்படம் எடுத்து அதே வரிசை எண்ணில் சேமியுங்கள். யார் வீட்டிலிருந்து வந்தது என்பதற்கு ஒரு தனிப் பத்தி ஒதுக்குங்கள். ஒரே கார் இரண்டாவது முறை வந்துவிட்டால் அதை மாற்றுக்கு என்று குறித்து வேறு பெட்டிக்கு மாற்றுங்கள். வேறொரு சேகரிப்பாளரோடு மாற்றிக்கொள்ளும்போது கீறல், துரு, பிரித்த ரிவெட் எதையும் மறைக்காமல் படத்தோடு சொல்லிவிட்டு அனுப்புங்கள். அனுப்பிய நாளையும் பதிலுக்கு வந்த காரின் எண்ணையும் அதே வரியில் எழுதிக் கணக்கை முடித்துவிடுங்கள்.