"உதவி நிறுத்தம்" என்ற செய்தியைக் கடைமடையிலிருந்து படிப்பது எப்படி?

எனக்குப் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், வாய்க்காலின் கடைசியில் ஒன்றரை ஏக்கர் தோப்பு. தண்ணீர் திறந்துவிடும் மூலத்தறை மதகில் ஷட்டரை இறக்கினால் தலைமடைக்காரர் போர்வெல் மோட்டாரைப் போட்டுக்கொள்வார். என் தென்னங்கன்றுக்குத்தான் குருத்து வாடும். வாசகசாலையில் பிளஸ் டூ பிள்ளைகளோடு பேப்பர் படிக்கையில், "அடக்குமுறை அரசுக்கு உதவி நிறுத்தம்" என்று வந்தால் இந்த வாய்க்காலை மனதில் வைத்துப் படிக்கச் சொல்வேன்.

முதலில், எந்த மடையை அடைத்தார்கள்? கஜானாவுக்குப் போகும் பணமா, ஆயுதமா, ஜனங்கள் கைக்கே போகும் கோதுமையும் மருந்துமா? தலைப்பு எல்லாவற்றையும் "உதவி" என்றே சொல்லிவிடும். 1992 மே மாதம் மலாவியின் சர்வாதிகாரி பாண்டாவுக்கு மேலைநாடுகள் நிறுத்தியது வளர்ச்சிப் பணத்தை. மனிதாபிமான உதவியை விட்டுவைத்தன. 1993 ஜூனில் பொதுவாக்கெடுப்பு, 1994 தேர்தலில் பாண்டா தோல்வி.

பணம் நின்றதால்தான் விழுந்தார் என்று எழுதிவிடாதீர்கள். அந்த மார்ச்சிலேயே கத்தோலிக்க ஆயர்களின் கண்டனக் கடிதத்தைத் தேவாலயங்களில் வாசித்திருந்தார்கள். மே மாதம் தொழிலாளர்களும் தெருவுக்கு வந்துவிட்டார்கள். உள்ளே எழுந்து நிற்க ஆள் இருக்கிறார்களா என்பதையும் தேடிப் பாருங்கள்.

அடுத்தது, அந்த நாடு வெளிப்பணத்தின் மேல் எவ்வளவு சாய்ந்திருந்தது? இங்கேதான் எனக்கு மனசு பொறுப்பதில்லை. ஆப்கானிஸ்தானில் அரசுச் செலவில் சுமார் 75 சதவீதம் வெளிநாட்டுப் பணம். 2021 ஆகஸ்டில் தாலிபான் வந்ததும் அது நின்றது; அமெரிக்காவில் இருந்த அந்நாட்டு மத்திய வங்கியின் சுமார் 700 கோடி டாலர் கையிருப்பும் முடங்கியது. சொந்தச் சேமிப்பிலிருந்து வாரத்துக்கு 200 டாலருக்கு மேல் எடுக்க முடியாமல் வங்கி வாசலில் வரிசை. நர்ஸுக்கும் ஆசிரியருக்கும் மாதக்கணக்கில் சம்பளமில்லை. தாலிபானோ அசையவில்லை, 2022 மார்ச்சில் பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியைத் திறக்கவும் இல்லை. கடைசியில் செஞ்சிலுவைச் சங்கம்தான் பல ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்தது.

ஆகவே, மாற்று வாய்க்கால் வெட்டினார்களா என்றும் கேளுங்கள். 2005 தேர்தல் வன்முறைக்குப் பிறகு எத்தியோப்பியாவின் மத்திய அரசுக்குக் கொடுத்த பட்ஜெட் உதவியை நிறுத்திவிட்டு, 2006-லிருந்து பள்ளி, சுகாதாரச் செலவுக்கென்று உள்ளாட்சிகள் வழியே அனுப்பினார்கள். உள்ளாட்சியும் ஆளும் கட்சியின் கையில்தான் இருந்தது என்றாலும், ஆசிரியருக்குச் சம்பளம் போனது. ஆயுதத்தை உடனே நிறுத்தட்டும், கஜானாப் பணத்தையும் நிறுத்தட்டும். நர்ஸின் சம்பளத்துக்கு வழி செய்யாமல் மடையை அடைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

ஆறு மாதம் கழித்து அதே நாட்டின் செய்தியைத் தேடிப் படியுங்கள்: மாவு என்ன விலை, சம்பளம் வந்ததா, சிறையிலிருந்து யாராவது வெளியே வந்தார்களா. எங்கள் வாசகசாலை நோட்டில் நாட்டுக்கு ஒரு பக்கம் விட்டிருக்கிறோம்.