முதலில் டிஸ்க்கைப் பாருங்கள், அப்புறம் சுத்தம் செய்யலாம்

எங்கள் சர்வீஸ் கடையில் புதிதாக வேலை பழகும் தம்பி, ஸ்லோ என்று வந்த ஒரு பழைய லேப்டாப்பில் போன வாரம் மூன்று கிளீனர்களை வரிசையாக நிறுவிக்கொண்டிருந்தான். பார்த்ததும் பகீரென்றது. நானும் இப்படித்தான் தொடங்கினேன். மெதுவாக இருந்தால் குப்பை சேர்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவேன். டெம்ப் ஃபைல், ரீசைக்கிள் பின் பற்றியெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். செய்யக்கூடாத சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

ரெஜிஸ்ட்ரி கிளீனர்

வேண்டாம். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் இந்த வகை மென்பொருளை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது.

சாகக் கிடக்கும் டிஸ்க்கை ரிப்பேர் செய்வது

பல வருடங்களுக்கு முன்பு, கல்யாண போட்டோ எடுக்கும் அண்ணன் ஒருவர் 500 ஜிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு ஃபோல்டர் திறக்கவே ஒரு நிமிடம் ஆனது. நான் டிஸ்க் பிழைகளைச் சரிசெய்யும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கை, மோசமான இடங்களையும் தேடச் சொல்லும் ஆர் சுவிட்சோடு (/r) ஓடவிட்டு, கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் வந்தபோது டிஸ்க்கில் இருந்து டிக், டிக் என்று சத்தம் மட்டும்தான் வந்தது. கம்ப்யூட்டர் அதை அடையாளமே காணவில்லை. ஆல்பம் போடாத இரண்டு கல்யாணங்களின் படங்கள் அதில் இருந்தன. "நேத்து மெதுவாவாச்சும் தெறந்துச்சேப்பா" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தை இன்றும் காதில் இருக்கிறது.

நடந்தது இதுதான். ஒரு செக்டரை, அதாவது டிஸ்க்கில் தகவல் எழுதப்படும் சிறு பகுதியை, படிக்க முடியாதபோது டிஸ்க் உடனே விட்டுவிடாது, திரும்பத் திரும்ப முயலும். நாம் பார்க்கும் மந்தம் அந்த முயற்சிதான். ஆர் சுவிட்ச் போட்டால் காலி இடம் உட்பட எல்லா செக்டர்களையும் படித்துப் பார்க்கும். டிஸ்க்கைப் படிக்கும், ஏற்கெனவே தேய்ந்துபோன ஹெட்டுக்கு அது ராத்திரி முழுக்க ஓட்டம். போதாக்குறைக்கு, செக்டிஸ்க் டிஸ்க்கில் எழுதவும் செய்யும். உடைந்த ஃபைல்களை ஃபவுண்ட்.000 என்ற ஃபோல்டரில் பெயர் இல்லாத துண்டுகளாகப் போட்டுவைக்கும். ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்காக்குவதுதான் அதன் வேலை, உங்கள் போட்டோவைக் காப்பாற்றுவது அல்ல. 'ரிப்பேர்' என்று பெரிய பொத்தானை முன்னால் வைத்துவிட்டு, முதலில் நகல் எடுங்கள் என்று சொல்லாத மென்பொருளைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

அதனால் எந்த லேப்டாப் வந்தாலும் நான் முதலில் திறப்பது டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. நிறுவ வேண்டாத போர்ட்டபிள் பதிப்பே போதும். நீலம் என்றால் நல்லது, மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் மோசம். ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் நிறத்தோடு நிற்காமல் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளையும் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர்களின் கணக்கு, சி5 என்பது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் கணக்கு, சி6 என்பது சரிசெய்ய முடியாத செக்டர்களின் கணக்கு. நம் தம்பியின் லேப்டாப்பில் அந்த வரியில் வரிசையாகப் பூஜ்யங்கள், கடைசியில் பி8 என்று இருந்தது. அவன் அதை ஏதோ குறியீடு என்று நினைத்துவிட்டான். அது பதினாறடிமான எண், அதாவது 184 செக்டர்கள். மெனுவில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். சில யுஎஸ்பி பெட்டிகள் இந்த விவரத்தைக் காட்டாது. அப்போது டிஸ்க்கை வெளியே எடுத்து நேரடியாக இணைத்துப் பாருங்கள்.

மஞ்சளோ சிவப்போ தெரிந்தால் கிளீனர், டிஃப்ராக் (சிதறிய ஃபைல் துண்டுகளை ஒன்றுசேர்ப்பது), செக்டிஸ்க் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். இழந்தால் திரும்பக் கிடைக்காத ஃபைல்களை முதலில் வேறு டிஸ்க்குக்கு எடுங்கள். சாதாரண காப்பி நடுவில் தொங்கினால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் கருவி இருக்கிறது. அது நன்றாகப் படிக்கிற பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, மோசமான இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பி வரும். எதுவரை எடுத்தது என்று ஒரு மேப் ஃபைலில் குறித்துவைப்பதால், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். செக்டிஸ்க் ஓட்டியே ஆக வேண்டும் என்றால் அந்த நகலின் இன்னொரு பிரதியில் ஓட்டுங்கள். டிக் சத்தம் கேட்டால் மட்டும் எந்த மென்பொருளும் வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம் கொடுங்கள்.

எஸ்எஸ்டிக்குத் தனி டிஃப்ராக் மென்பொருள்

தேவையே இல்லை. விண்டோஸ் 8 முதல் அதிலுள்ள ஆப்டிமைஸ் வசதியே எஸ்எஸ்டியை (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) அடையாளம் கண்டு, அழித்த ஃபைல்களின் இடம் இனி தேவையில்லை என்று சொல்லும் டிரிம் கட்டளையை அனுப்பிவிடுகிறது. அந்த டிரிம்மால் இன்னொரு விஷயமும் உண்டு. எஸ்எஸ்டியில் அழித்த ஃபைல் பெரும்பாலும் திரும்ப வராது. அழிக்கும் முன் ஹார்ட் டிஸ்க்கைவிட இங்கேதான் அதிகம் யோசிக்க வேண்டும்.

பிரபலமான பெயர் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புவது

2017-இல் சிகிளீனர் என்ற சுத்தம் செய்யும் மென்பொருளின் 5.33 பதிப்பில் தீய நிரல் புகுந்தது. அதிகாரப்பூர்வ தளத்திலேயே, நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பத்தோடு, ஏறக்குறைய ஒரு மாதம் அது தரவிறக்கத்துக்குக் கிடைத்தது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் ஏறியது. நிர்வாகி அனுமதியோடு ஓடும் மென்பொருள் எத்தனை இருக்கிறதோ, உள்ளே வர அத்தனை வாசல். தேவையற்ற ஃபைல்களை அழிக்கும், விண்டோஸிலேயே உள்ள ஸ்டோரேஜ் சென்ஸ் செய்யும் வேலைக்கு இன்னொன்று எதற்கு? இடம் எங்கே போனது என்று மட்டும் தெரிய வேண்டுமா, விஸ்ட்ரீயோ வின்டிர்ஸ்டாட்டோ போதும்.

ரெக்கவரி மென்பொருளை அதே டிரைவில் நிறுவுவது

கூடாது. மீட்க நினைக்கும் ஃபைலின் மேலேயே அது எழுதப்படலாம்.

எல்லாக் கட்டங்களிலும் டிக் போடுவது

விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பில் விண்டோஸோடு வரும் டிஸ்க் கிளீனப் கருவியின் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் சேர்ந்தது. பழக்க தோஷத்தில் மேலிருந்து கீழ்வரை டிக் போட்டு, சான்றிதழ் ஸ்கேன்களை எல்லாம் இழந்துவிட்டு எங்கள் கடைக்கு வந்தவர்கள் உண்டு. பின்னர் அந்தக் கட்டத்தை அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் ஸ்டோரேஜ் சென்ஸ் அமைப்பில் டவுன்லோட்ஸுக்கு ஒரு வரி இன்றும் இருக்கிறது. அதை 'ஒருபோதும் வேண்டாம்' என்பதிலேயே வைத்திருங்கள்.