நிலத்துக்குக் கம்பி வேலி: ஆள் பேசுவதற்கு முன்னும் பின்னும்

வேலி போடுகிறவருக்கு போன் பண்ணினால் முதல் நிமிடத்திலேயே "அடிக்கு இவ்வளவு ஆகும் சார்" என்று ஒரு விலை வந்துவிடும். அந்த விலையை வைத்து ஒன்றும் முடிவு பண்ண முடியாது. ஒருவர் 6 அடி கல்தூணையும் 12 கேஜ் கம்பியையும் மனதில் வைத்துச் சொல்லியிருப்பார், இன்னொருவர் 7 அடி கல், அதைவிடத் தடித்த 10 கேஜ் கம்பி என்று கணக்குப் போட்டிருப்பார், நாம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முதல் ஆள்தான் நியாயமானவர் என்று அட்வான்ஸ் கொடுத்துவிடுவோம். என்ன வேலி வேண்டும் என்பதை நீங்களே ஒரு தாளில் எழுதி, அதே தாளை இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து விலை கேளுங்கள்.

அதற்கும் முன்னால் எல்லை. பட்டாவில் இருக்கும் பரப்பு வேறு, தரையில் பக்கத்துக் காட்டுக்காரர் விட்டு வைத்திருப்பது வேறு. நிலத்தின் பக்க அளவுகள் இருக்கும் எஃப்எம்பி வரைபடத்தைத் தமிழக அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் இறக்கிக்கொள்ளலாம். சர்வே கல் காணவில்லை அல்லது சந்தேகம் இருக்கிறது என்றால் அரசு சர்வேயர் வந்து அளக்க ஆன்லைனிலேயே பணம் கட்டி விண்ணப்பிக்கலாம். அளக்கும் அன்று பக்கத்து நிலத்துக்காரரையும் கூப்பிட்டு நிறுத்துங்கள், அவர் கண் முன்னால் கல் நட்டால் பிறகு வரும் பாதிப் பஞ்சாயத்து வராது. வேலிக்காரரை விட்டு "இந்த மரத்திலிருந்து அந்த வரப்பு வரைக்கும்" என்று கயிறு பிடிக்கச் சொல்வது மட்டும் வேண்டாம். அவருக்கு எல்லை தெரியாது, கேஸ் வந்தால் கோர்ட்டுக்கு அலையப்போவதும் அவர் இல்லை.

ஏக்கருக்கு எவ்வளவு என்று யாராவது விலை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. நிலம் சரியான சதுரமாக இருந்தால் சுற்றளவு சுமார் 835 அடி, அதே ஒரு ஏக்கர் 100 அடி அகலத்தில் நீளமாகக் கிடந்தால் 1,070 அடியைத் தாண்டிவிடும். எஃப்எம்பியில் மீட்டரில் இருக்கும் பக்க அளவுகளைக் கூட்டி 3.28-ஆல் பெருக்கினால் உங்கள் ரன்னிங் அடி, அதாவது வேலியின் மொத்த நீளம், கிடைத்துவிடும். 8 அடிக்கு ஒரு கல் என்றால் 835 அடிக்குக் கிட்டத்தட்ட 105 கல், சாய்த்து முட்டுக்கொடுக்கும் முட்டுக்கல் தனி.

இனி அந்தத் தாளில் என்ன எழுதுவது என்று பார்ப்போம். கல்லின் உயரம்தான் முதலில். 5 அடி செயின் லிங்க் (பின்னிய கம்பி வலை) வேண்டுமென்றால் 7 அடி கல் வேண்டும், 2 அடி மண்ணுக்குள் போக 5 அடி வெளியே நிற்கும். 6 அடி கல்லில் 5 அடி வலை கட்டித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் கல் ஒரு அடிதான் உள்ளே போகப்போகிறது என்று அர்த்தம், நாலு மாடு சாய்ந்து உரசினால் போச்சு. கரிசல் மண்ணாக இருந்தால் மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும், அங்கே இன்னும் ஆழமாகவே தோண்டச் சொல்லுங்கள். எல்லாக் குழிக்கும் கான்கிரீட்டா, மூலைக்கல்லுக்கு மட்டுமா என்பதையும் எழுதிவிடுங்கள். மூலையிலும் கேட் பக்கத்திலும் வேலி திரும்பும் இடத்திலும் முட்டு கண்டிப்பாக வேண்டும், நேராக ஓடும் இடத்தில் பத்துக் கல்லுக்கு ஒரு ஜோடி முட்டு கேளுங்கள். கம்பியின் மொத்த இழுவையும் விழுவது அந்தக் கற்கள் மேல்தான்.

அடுத்தது கம்பி. பணம் காணாமல் போவதே இங்கேதான், கொஞ்சம் நின்று பார்க்கலாம். கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலியும். 10 கேஜ் சுமார் 3.2 மி.மீ., 12 கேஜ் சுமார் 2.6 மி.மீ. பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் எடையில் 10 கேஜ் ஒன்றரை மடங்கு. 12 என்று பேசிவிட்டு 13 கேஜ் இறக்கினால் ஐந்தில் ஒரு பங்கு இரும்பு குறைகிறது, வெறும் கண்ணால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தடிமன் அளக்கும் வெர்னியர் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் ரோல் இறங்கும்போதே அளந்து பாருங்கள். வலையின் கண் 2 இஞ்சா 3 இஞ்சா 4 இஞ்சா என்பதும் தாளில் இருக்க வேண்டும், கண் பெரிதானால் கம்பி குறையும், விலையும் குறையும். கட்டி முடித்த பின் கண்ணின் வடிவத்தைப் பாருங்கள். நிமிர்ந்த சதுரமாக இல்லாமல் படுத்த டைமண்டாக நீண்டிருந்தால் ரோலை மிச்சம் பிடிக்க அளவுக்கு மேல் இழுத்திருக்கிறார்கள், 5 அடி வலை உயரத்திலும் குறைந்திருக்கும், டேப் வைத்தால் தெரிந்துவிடும்.

முள்கம்பி மட்டும் போதும் என்றால் எத்தனை வரி, என்ன கேஜ், குறுக்கே பெருக்கல் குறி மாதிரி கம்பி உண்டா என்று கேளுங்கள். ஆடு, நாய், பன்றிக்கு முள்கம்பி சரிப்படாது, கீழ் வரியின் சந்திலேயே நுழைந்துவிடும்.

தொட்டால் ஷாக் அடிக்கும் சோலார் வேலி போடுகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். வனத்தை ஒட்டிய நிலம் என்றால் 2023-இல் வந்த விதிகளின்படி வனத்துறையில் பதிவு வேண்டும், அதை யார் பார்த்துக்கொள்வது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். கரண்ட் லைனிலிருந்து நேராகக் கொக்கி போட்டுத் தருகிறேன் என்று ஒரு ஆள் சொன்னால் அப்படியே அனுப்பிவிடுங்கள். அதே 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் மூன்று யானைகள் செத்தது அப்படிப்பட்ட வேலியில்தான். மனிதர்களும் செத்திருக்கிறார்கள், ஜெயிலுக்கும் போயிருக்கிறார்கள்.

விலை பேசும்போது எதெல்லாம் சேர்த்தி இல்லை என்று கேளுங்கள், அதில்தான் விஷயம் வெளியே வரும். முள்செடி வெட்ட ஜேசிபி யாருடையது, கல் இறக்குக்கூலி யாருக்கு, ஆட்களுக்குத் தங்க இடம், சாப்பாடு, கான்கிரீட்டுக்குத் தண்ணீர், கேட், ஜிஎஸ்டி எல்லாமே கடைசியில் "அது தனி சார்" ஆகிவிடும். கேட்டை அகலம் எழுதித் தனியாகவே விலை கேளுங்கள், டிராக்டரும் லாரியும் திரும்பி நுழைய 12 அடியாவது விடுங்கள். முடிந்தால் சாமானை நீங்களே வாங்கிக் கூலியை மட்டும் அடிக்குப் பேசுங்கள். அலைச்சல்தான், ஆனால் எடைமேடைச் சீட்டு உங்கள் கையில் இருக்கும்.

பணத்தைக் கொஞ்சம் அட்வான்ஸ், சாமான் இறங்கியதும் ஒரு பங்கு, கல் நட்டு முடிந்ததும் ஒரு பங்கு, மீதி கடைசியில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கல் வந்ததும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், கணீரென்று கேட்டால் நல்ல கல், சத்தம் மொத்தென்று இருந்தால் உள்ளே விரிசல் இருக்கலாம், திருப்பி அனுப்புங்கள். குழி தோண்டும் நாளில் மட்டும் லீவு போட்டாவது அங்கே நில்லுங்கள். கல் நட்டு மண் மூடிவிட்டால் ஆழம் எவ்வளவு என்று யாரிடம் போய்க் கேட்பது?

பழைய வேலியைச் சரிபண்ண ஆள் தேடுகிறீர்களா? சின்ன வேலைக்குப் பெரிய கான்ட்ராக்டர் வரமாட்டார், வந்தாலும் மொத்தத்தையும் பிடுங்கிப் புதுசாகப் போடலாம் என்பார். கல் நன்றாக நின்று கம்பி மட்டும் தொய்ந்திருந்தால் முறுக்கி இழுத்துக் கட்டினாலே போதும், அதற்கு ஊரிலேயே நாள்கூலிக்கு ஆள் கிடைப்பார். இரும்புத் தூணில் வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் ஜிங்க் பூச்சு எரிந்து போயிருக்கும், ஜிங்க் பெயிண்ட் ஒரு டப்பாவை நீங்களே வாங்கிக்கொண்டு போய் வெல்டர் கிளம்புவதற்குள் அடிக்கச் சொல்லுங்கள்.