அம்மாவையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு அறுகம்பை போகிறவர்களுக்கு

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அறுகம்பை என்றாலே அலைச்சறுக்கு என்றாகிவிட்டது. பலகையைத் தொடாதவர்களுக்கும் அங்கே மூன்று நாட்கள் போதாது. முழங்கால் வலியுள்ள என் அம்மாவும் எட்டு வயது மகனும் உடன்வரத்தான் நான் போய்வருகிறேன். காலையைக் காட்டுக்கும் மாலையைக் கடலுக்கும் கொடுங்கள் என்பதே என் முறை.

மே முதல் செப்டெம்பர் வரை ஏற்ற காலம். அதன்பின் வடகீழ்ப் பருவமழை வந்துவிடும். விடுதிகள் பலவற்றை மூடிவிடுவார்கள். பறவைகளுக்கு மே, ஜூன்; யானைகளுக்கு ஜூலை, ஆகஸ்ட். கொழும்பிலிருந்து வருபவர்கள் மொனராகலை வழியாகவும், மட்டக்களப்பிலிருந்து வருபவர்கள் கல்முனை, அக்கரைப்பற்று வழியாகவும் பஸ்ஸில் பொத்துவில் வந்து இறங்கலாம். அங்கிருந்து ஓட்டோவில் பாலத்தைக் கடந்தால் அறுகம்பை. முதியவர் இருந்தால் தரைத்தள அறையைக் கேட்டு வாங்குங்கள்.

குமண தேசியப் பூங்காவுக்கு ஒரு முழுக் காலையை ஒதுக்குங்கள். ஜீப்பை முதல்நாள் மாலையே பேசிவிட வேண்டும். விடியுமுன் நாலரை மணிக்குப் புறப்பட்டால், பாணமையைத் தாண்டி, வாயில் திறக்கும் ஆறு மணிக்கு உகந்தையில் இருக்கலாம். பாணமைக்குப் பிறகு கடையை நம்ப முடியாது. தண்ணீரும் இடியப்பப் பொதியும் கையோடு இருக்கட்டும்.

போரினால் 1985 முதல் 2003 வரை மூடிக் கிடந்த காடு இது. ஓட்டுநர்கள் சிறுத்தையைக் காட்டிவிட வேண்டுமென்று விரைவார்கள். ‘சிறுத்தை கிடைத்தால் சரி, எங்களைக் குமண வில்லுவில் நிறுத்துங்கள்’ என்று ஏறும்போதே சொல்லிவிடுங்கள். ஏறத்தாழ 200 ஹெக்டேர் சதுப்பு அது. கண்டல் மரங்களில் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு கட்டியிருக்கும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் அசையாமல் இருங்கள். குஞ்சுகள் இரை கேட்டுக் கத்துவது தெளிவாகக் கேட்கும். தொலைநோக்கி ஒன்று கட்டாயம் வேண்டும். என் மகன் அதை யாருக்கும் தருவதில்லை. ஆளுக்கொன்று இருந்தால் இன்னும் நல்லது.

திரும்பும்போது வாயிலுக்கு அருகிலேயே உகந்தை முருகன் கோயில். அம்மாவுக்கு இந்தப் பயணமே அதற்காகத்தான். கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்கள் இங்கே தங்கித்தான் குமணக் காட்டுக்குள் நுழைகிறார்கள். ஆடிவேல் விழாவையொட்டிக் காட்டுப்பாதை திறக்கும் நாட்களில் கூட்டம் அலைமோதும். அமைதியாகக் கும்பிட விரும்பினால் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். கோயிலுக்குப் பின்னால் உள்ள கடலில் குளிக்க வேண்டாம், இழுப்பு அதிகம்.

குளிப்பதற்கு அறுகம்பைக் குடாவின் உட்புறம் போங்கள், அங்கே நீர் தணிந்திருக்கும். அலைச்சறுக்குக்காரர்கள் கூடும் மெயின் பொயிண்ட் பக்கம் அடியில் பாறை; பிள்ளைகளுக்கு உகந்ததல்ல. பொத்துவில் கடைத்தெருவுக்குப் போகும்போது கடற்கரை உடையை மாற்றிக்கொண்டு போவதே மரியாதை. களப்பில் படகுச் சவாரி மாலையில் இதமாக இருக்கும்.

யானை பார்க்க லாகுகல தேசியப் பூங்கா போதும். பொத்துவிலிலிருந்து மொனராகலை வீதியில் அரைமணிப் பயணம். வறட்சி கூடக்கூட யானைகள் குளத்துப் புல்லுக்குக் கூட்டமாக இறங்கும். மாலை நான்கு மணிக்குப் போங்கள். ஓட்டோவில் போயிருந்தால் இருட்டுமுன் திரும்பிவிடுங்கள், யானைகள் அந்த வீதியைக் கடக்கும் நேரம் அது.