பேட்டைப் பத்திரிகைக்கு வரலாற்றுப் படம்: மாம்பலம் ஏரியை வரைந்து பழகுவோம்

பேட்டைப் பத்திரிகை வாசகர் தினமும் நடக்கிற தெருவைத்தான் நீங்கள் வரையப்போகிறீர்கள். அதனால் அழகை விட இடமும் காலமும் சரியாக இருப்பது முக்கியம். சென்னை தியாகராய நகரை எடுத்துக்கொள்வோம். 1920களில் தூர்க்கப்படும்வரை அங்கே மாம்பலம் ஏரி என்ற நீண்ட ஏரி இருந்தது. மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோடு இன்றும் அதன் பெயரைச் சுமக்கிறது.

1. ஓர் ஆண்டு, ஓர் இடம்

'பழைய மாம்பலம்' என்று பொதுவாக வரைய உட்காராதீர்கள். 1920, லேக் வியூ ரோடு பக்கம் நின்று கிழக்கே பார்க்கிறோம் என்று முடிவுசெய்யுங்கள். முதலில் தண்டவாளம், அதைத் தாண்டி ஏரி. ரயிலுக்கு நீராவி எஞ்சின்தான். மேலே மின்கம்பி வரைந்துவிடாதீர்கள். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் வந்தது 1931இல். பனகல் பூங்காவும் அப்போது இல்லை.

2. வரைபடம் தேடுங்கள்

எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் இருக்கின்றன; தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். பழைய வரைபடத்தின் நகல் கிடைத்ததும் இன்றைய வரைபடத்தை அதே அளவுக்கு அச்சிட்டு, ட்ரேசிங் தாள் வைத்துப் பொருத்துங்கள். ரயில் பாதையையும் மவுண்ட் ரோட்டையும் (இன்றைய அண்ணா சாலை) பிடிமானமாகக் கொண்டால் கரை எங்கே ஓடியது என்று தெரிந்துவிடும்.

பெரியவர்களிடமும் கேளுங்கள். "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்றால் பொதுவாகத்தான் பதில் வரும். "குடிக்கிற தண்ணி எங்கேர்ந்து எடுத்தீங்க?" என்று கேட்டால் கிணறு, ராட்டினம், கயிறு எல்லாம் கிடைக்கும். ஏரி அவர்கள் காலத்துக்கும் முந்தியது என்பதால் இடத்துக்கு வரைபடத்தையே நம்புங்கள்.

3. நியூஸ்பிரிண்டுக்காக வரையுங்கள்

செய்தித்தாள் காகிதம் மையை உறிஞ்சும், கோடு தடிக்கும். நெருக்கமாகப் போட்ட குறுக்குக்கோடுகள் ஒரே கறுப்பாகிவிடும். நீர்வண்ணச் சாம்பல் பூச்சு அழுக்குபோலத் தெரியும். வெறும் கறுப்பு மைக் கோடுகள் போதும்.

அச்சில் 12 செ.மீ. அகலம் என்றால் 24 செ.மீ.யில் வரையுங்கள். 0.1 மி.மீ. முனைப் பேனா வேண்டாம், பாதியாகச் சுருங்கும்போது அறுந்துபோகும், 0.5 நல்லது.

தண்ணீரைக் கோடுகளால் நிரப்பாதீர்கள். வெள்ளையாகவே விட்டு, சில கிடைக்கோடுகளை மட்டும் ஆங்காங்கே இழுங்கள். அருகில் உள்ளவை நீளமாக, இடைவெளி விட்டு. தொலைவில் உள்ளவை குட்டையாக, நெருக்கமாக. எதிர்க்கரை ஓரத்தில் மட்டும் அழுத்தமாக ஒரு கோடு. ஏரி தானாகத் தட்டையாகப் படுத்துவிடும்! அப்புறம் ஜெராக்ஸ் கடையில் பாதி அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், எங்கே அடைத்துக்கொள்கிறது என்று அங்கேயே தெரியும்.

4. ஸ்கேன், படவிளக்கம்

600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), கறுப்பு-வெள்ளை, டிஃப் (TIFF) கோப்பு. ஜேபெக்கில் (JPEG) கோட்டின் ஓரம் பிசிறடிக்கும்.

படவிளக்கத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். "ஏரிக்கரையும் ரயில் பாதையும் பழைய வரைபடத்தில் உள்ளபடி, மரங்களும் மனிதர்களும் ஓவியரின் ஊகம்." இந்த வரியை மட்டும் இடம் போதவில்லை என்று வெட்ட வேண்டாமென ஆசிரியரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.