கார்ப்பெட்டில் கொட்டிய மெழுகை எடுப்பது எப்படி

சூடான மெழுகு கார்ப்பெட்டில் கொட்டியதும் கை தானாகத் துணியைத் தேடும். பாதிச் சேதம் அந்தத் துணியால்தான் வருகிறது. உருகிய நிலையில் துடைத்தால் மெழுகு மேலே வராது. இழைகளுக்கு நடுவே பரவி அடித்துணிவரை இறங்கும். பொட்டு அளவு இருந்த கறை உள்ளங்கை அகலமாகிவிடும். அதனால் மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு, யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொண்டு, அப்படியே உறைய விடுங்கள். சொட்டுகள் சில நிமிடங்களில் இறுகிவிடும். குட்டையாகத் தேங்கியிருந்தால் அரை மணி நேரம்கூட ஆகலாம். மேலே ஆடை கட்டியிருந்தாலும் உள்ளே குழைவாக இருக்கும்.

அடுத்த தவறு, இஸ்திரிப் பெட்டியை முதலிலேயே எடுப்பது. காகிதம் வைத்துத் தேய்த்தால் மெழுகு காகிதத்தில் ஏறிவிடும் என்பது உண்மைதான். ஆனால் காகிதம் உறிஞ்சும் அளவு கொஞ்சம். கட்டியாக இருப்பதை அப்படியே உருக்கினால், காகிதம் குடித்தது போக மிச்சம் கீழே ஓடும். குளிரவைத்து உடைத்து எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்த பிறகு, இழையில் படலமாக ஒட்டியிருப்பதற்கு மட்டும்தான் சூடு.

முதலில் இழை என்னவென்று பாருங்கள்

கார்ப்பெட்டின் பின்புறத்திலோ ஓரத்திலோ லேபிள் இருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால், கண்ணில் படாத மூலையிலிருந்து இரண்டு மூன்று இழைகளைக் கத்தரித்து, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்த தண்ணீரில் போட்டு, காற்றுக்குமிழ் போகும்வரை விரலால் அழுத்துங்கள். பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழை தண்ணீரைவிட லேசானது. விட்டதும் மேலே வந்து மிதக்கும். நைலான், பாலிஸ்டர், கம்பளி மூன்றும் மூழ்கும்.

இந்தச் சோதனை எதற்கென்றால், மெழுகுவர்த்திகளில் பெரும்பாலானவற்றுக்கு உருக 50 முதல் 65 டிகிரி செல்சியஸ் போதும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். இஸ்திரிப் பெட்டியின் மிகக் குறைந்த சூடான ஒற்றைப் புள்ளி அளவே சுமார் 110 டிகிரி. நைலானும் பாலிஸ்டரும் 200 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் அதைத் தாங்கும். பாலிபுரொப்பிலீன் 160 டிகிரியை ஒட்டி உருகினாலும், அதற்கு முன்பே இளகி, அழுத்தம் பட்டால் தட்டையாகிப் பளபளக்கும். பெட்டியின் தெர்மோஸ்டாட் கொஞ்சம் ஏமாற்றினாலும் கதை முடிந்தது. ஆகவே மிதக்கும் இழைக்கு இஸ்திரி வேண்டாம், ஹேர் டிரையர் போதும். கம்பளி உருகாது, ஆனால் கருகும். அதற்கும் குறைந்த சூடுதான்.

பட்டு, விஸ்கோஸ் (செயற்கைப் பட்டு), கையால் முடிச்சிட்ட பழைய விரிப்பு என்றால் குளிரவைத்து உதிர்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, மீதியைத் தொழில்முறையில் சுத்தம் செய்பவரிடம் விடுவது நல்லது. விஸ்கோஸ் ஈரம் பட்டால் வலுவிழக்கும், காயும்போது மஞ்சளிக்கும்.

குளிரவைத்து உடைப்பது

ஐஸ் கட்டிகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுகக் கட்டி, மெழுகின் மேல் 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். ஐஸை நேராக வைத்தால் உருகும் நீர் அடித்துணிக்குள் இறங்கும்; சணல் அடித்துணி நனைந்தால் பழுப்பு நிறம் மேலே ஏறி இன்னொரு கறையாகும். பையின் வெளிப்பக்கம் வியர்க்கும், அதை அவ்வப்போது துடையுங்கள்.

நன்றாகக் குளிர்ந்த மெழுகு தட்டினால் விரிசல் விடும். கரண்டியின் முதுகால் ஒரு தட்டுத் தட்டி, விரிசல் விட்ட துண்டுகளைக் கரண்டி விளிம்பாலோ மழுங்கிய வெண்ணெய்க் கத்தியாலோ நெம்பி எடுங்கள். கூர்கத்தி வேண்டாம், மெழுகோடு இழையும் வரும். எப்போதும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வேலை செய்யுங்கள். உதிர்ந்த தூளை அவ்வப்போது வேக்குவம் கிளீனரால் உறிஞ்சிவிடுங்கள், இல்லாவிட்டால் முழங்கால் சூட்டிலேயே அது மறுபடி ஒட்டிக்கொள்ளும். மெழுகு உதிராமல் இழுபட ஆரம்பித்தால் குளிர் போய்விட்டது என்று அர்த்தம். பையைத் திரும்ப வையுங்கள். கண்ணாடிக் குடுவையில் வரும் சோயா மெழுகு இயல்பிலேயே மிருது. அது சில்லுச் சில்லாக உடையாது, கெட்டியான வெண்ணெய்போல வழிக்கத்தான் வரும். அதற்கு ஐஸ் நேரத்தைக் கூட்டுங்கள்.

பெரிய துண்டுகள் போன பின் குனிந்து பார்த்தால், ஒவ்வொரு இழைக் கற்றையின் நுனியிலும் கடுகளவு மணி கோத்ததுபோல மெழுகு நிற்கும். அதைப் பிடித்து இழுக்காதீர்கள். கட்டைவிரல் நகத்துக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்கினால் மணி பொடிந்து, கற்றை தனித்தனி இழையாகப் பிரியும். இழை நுனி வெட்டப்படாமல் வளையமாகவே இருக்கும் வளைய இழைக் கார்ப்பெட்டில் இது இன்னும் முக்கியம்: ஒரு வளையத்தை இழுத்தால் அந்த வரிசையே உருவிக்கொண்டு வரும். சலிப்பான வேலைதான். ஆனால் இங்கே செலவிடும் கால் மணி நேரம் பின்னால் உருக்கவேண்டிய மெழுகைக் கணிசமாகக் குறைக்கும்.

மிச்சத்துக்குச் சூடு

நைலான், பாலிஸ்டர், கம்பளிக்கு: இஸ்திரிப் பெட்டியின் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நீராவியை அணைத்து, மிகக் குறைந்த சூட்டில் வையுங்கள். மெழுகின் மேல் வெள்ளை டிஷ்யூ இரண்டு அடுக்கு, அதன்மேல் மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி. டிஷ்யூவுக்குப் பதில் அச்சில்லாத பழுப்புக் காகிதமும் ஆகும். செய்தித்தாளின் மை கார்ப்பெட்டில் இறங்கும், பூப்போட்ட டிஷ்யூவும் அப்படியே. பேக்கிங் தாள் எதையும் உறிஞ்சாது.

பெட்டியின் நுனியை மட்டும் 5 முதல் 10 விநாடி வைத்து எடுங்கள். முழு அடிப்பாகத்தையும் வைத்தால் சூடு கறைக்கு வெளியேயும் பரவி, மெழுகும் அதன் பின்னாலேயே போகும். எடுத்ததும் காகிதத்தைப் பாருங்கள்: எண்ணெய்ப் பலகாரம் வைத்த தாள்போல ஓர் இடம் கண்ணாடியாகத் தெரியும். அதுதான் ஏறிய மெழுகு. காகிதத்தைச் சூடு ஆறுவதற்குள் உரித்துவிடுங்கள். ஆறினால் காகிதமே கார்ப்பெட்டில் ஒட்டும். ஒவ்வொரு முறையும் காகிதத்தின் சுத்தமான பகுதி கறையின்மேல் வரவேண்டும். ஏற்கெனவே குடித்த இடத்தையே திரும்ப வைத்தால் மெழுகு கீழேதான் திரும்பும். அடுத்தடுத்து இரண்டு முறை காகிதம் உலர்ந்தே வந்தால் நிறுத்துங்கள். அதற்குமேல் தேய்ப்பதில் இழைக்குத்தான் கேடு.

பாலிபுரொப்பிலீனுக்கு: ஹேர் டிரையரை 15 செ.மீ. தள்ளிப் பிடித்து, நடுத்தரச் சூட்டில் 20 விநாடி காட்டி, மெழுகு பளபளக்க ஆரம்பித்ததும் மடித்த டிஷ்யூவால் மேலிருந்து அழுத்தி ஒற்றுங்கள். தேய்க்கக் கூடாது. ஒரு நாணயம் அளவு இடம் முடிந்த பிறகு அடுத்தது. நேரம் பிடிக்கும், ஆனால் பாதுகாப்பு.

துணியில் பட்ட மெழுகுக்குக் கொதிநீர் ஊற்றும் பழக்கம் உண்டு. கார்ப்பெட்டில் அது கூடவே கூடாது. நீருக்கும் மெழுகுக்கும் போக இடம் அடியில்தான் இருக்கிறது.

எண்ணெய்ப் படலமும் சாயமும்

மெழுகு போன இடம் தொட்டால் லேசாகப் பிசுபிசுக்கும். பிசுக்கு நிறைய இருந்தால் முதலில் உலர்சலவைக் கறைநீக்கி (எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் திரவம்), பிறகுதான் சோப்புத் தண்ணீர். வரிசை மாறினால் நனைந்த இழையில் கறைநீக்கி சரியாகப் பிடிக்காது. இஸ்திரிப் பெட்டி முழுக்க ஆறி, ஜன்னல்களைத் திறந்து, அருகில் எந்தச் சுடரும் இல்லாதபோதுதான் அந்தப் புட்டியைத் திறக்கவேண்டும். துணியில் தொட்டு ஒற்றுங்கள். கார்ப்பெட்டில் ஊற்றினால் அடித்துணியைப் பிடித்திருக்கும் லேடெக்ஸ் பசை இளகிவிடும். மண்ணெண்ணெய், பெட்ரோல் பக்கமே போகவேண்டாம்.

பிறகு அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றி, வெறும் நீர்த் துணியால் இரண்டு மூன்று முறை சோப்பை எடுத்துவிடுங்கள். சோப்பு தங்கினால் அந்த இடம் மட்டும் அழுக்கை இழுக்கும். மேலே டிஷ்யூ அடுக்கிக் கனமான ஏதாவது வைத்து ஓர் இரவு விட்டால் ஈரம் மேலேறிவிடும்.

சிவப்பு, நீல மெழுகுவர்த்திகளின் தொல்லை வேறு. மெழுகு போனாலும் சாயம் நிற்கும். அதிகச் சூடு காட்டினால் நைலானில் இன்னும் ஆழமாகப் பிடிக்கும். நிற மெழுகுக்குச் சூட்டை முடிந்தவரை குறைத்து, உடைப்பதையும் கறைநீக்கியையும் நம்புங்கள். மிஞ்சிய சாயத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். முதலில் மறைவான மூலையில் சோதிப்பது கட்டாயம். கார்ப்பெட்டின் சொந்தச் சாயமே துணியில் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். கம்பளியில் குளோரின் பிளீச் பட்டால் இழையே கரைந்துபோகும்.

உருகிப் பளபளத்த பாலிபுரொப்பிலீன் இழையை எதுவும் பழைய நிலைக்குக் கொண்டுவராது. வெட்டிய இழைக் கார்ப்பெட் என்றால் சிறிய கத்தரிக்கோலால் நுனியை ஒரு மில்லிமீட்டர் வெட்டினால் பளபளப்பு மறையும். வளைய இழையில் அதுவும் முடியாது.

காய்ந்ததும் விரலால் இழைகளை நிமிர்த்தி வேக்குவம் போடுங்கள். இரண்டு வாரம் கழித்து அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடக் கறுத்துத் தெரிந்தால் அடியில் மெழுகு தங்கித் தூசியைப் பிடிக்கிறது. இழைக்கேற்ற சூட்டையும் புதிய காகிதத்தையும் இன்னொரு முறை எடுங்கள்.