குடியை நிறுத்த உதவும் கூட்டம் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

டர்பனில் குடியை விட நினைக்கும் நம் ஆட்கள் பலர், குடியை விட விரும்புகிறவர்கள் ஒன்றுகூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) போன்ற கூட்டத்தை, வீட்டிலிருந்து எவ்வளவு தொலைவு முடியுமோ அவ்வளவு தொலைவில் தேடுகிறார்கள். சாட்ஸ்வர்த்திலோ பீனிக்ஸிலோ இருப்பவர், "இங்கே எல்லாருக்கும் என்னைத் தெரியுமே" என்று நகரத்தின் மறுகோடியில் இருக்கும் கூட்டத்தைக் குறித்துக்கொள்வார். அந்தக் கூச்சம் புரிகிறது. ஆனால் கூட்டங்கள் பெரும்பாலும் மாலையில்தான் நடக்கும். இருட்டிய பிறகு மினிபஸ் டாக்ஸி கிடைப்பது கடினம், காரை மகன் எடுத்துப் போயிருப்பான், ஒரு வாரம் மழை வேறு. போகாமல் இருக்கக் காரணம் தானாகவே வந்து சேரும். இந்தக் கூட்டங்கள் பலன் தருவதே திரும்பத் திரும்பப் போவதால்தான். அதனால் சிரமமில்லாமல் போய்வர முடிகிற இடத்தையே தேடுங்கள். தெரிந்த முகம் ஒன்று அங்கே இருந்தால்? அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருக்கிறார். முதல் பெயரைச் சொன்னால் போதும். அங்கே கேட்டதை வெளியே பேசுவதில்லை என்பது அந்தக் கூட்டங்களின் வழக்கம். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால், 2020 ஊரடங்குக் காலத்தில் பெருகிய இணையவழிக் கூட்டம் ஒன்றில் தொடங்குங்கள்.

கைபேசியில் தேடினால் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் கட்டண மறுவாழ்வு மையங்களின் விளம்பரம். அதைப் பார்த்து, "இவ்வளவு பணத்துக்கு எங்கே போவது" என்று தேடுவதையே விட்டுவிடுபவர்கள் உண்டு. ஏ.ஏ. கூட்டத்துக்குக் கட்டணமே கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் தகுதி. நடுவில் ஒரு பை சுற்றி வரும். முடிந்தவர் சில ராண்ட் போடுவார், புதிதாக வந்தவர் போட வேண்டியதில்லை. 1956இல் தொடங்கிய சான்கா (SANCA) என்ற தென்னாப்பிரிக்க மது, போதைப் பழக்க உதவி அமைப்பு வேறு வகை. அங்கே சமூகப் பணியாளர்கள், ஆலோசனை, சிகிச்சை எல்லாம் உண்டு. பலருக்கு இரண்டும் தேவைப்படும். தங்கிச் சிகிச்சை பெறும் தனியார் மையம் என்றால், போதைப் பழக்கத் தடுப்பு, சிகிச்சை பற்றிய 2008ஆம் ஆண்டின் 70ஆம் எண் சட்டப்படி அது பதிவு பெற்றிருக்க வேண்டும். பணம் கட்டும் முன் பதிவுச் சான்றைக் கேளுங்கள்.

பழைய பட்டியலை நம்பிப் புறப்படாதீர்கள். கூட்டம் நடக்கும் இடமும் நேரமும் மாறும். துணிந்து கிளம்பிய முதல் நாளில் பூட்டிய கதவைப் பார்த்தால் மனம் ஒடிந்துவிடும். ஏ.ஏ.யின் உதவி எண்ணில் பேசி உறுதி செய்துகொண்டு போங்கள்.

பல கூட்டங்கள் தேவாலய மண்டபங்களில் நடக்கின்றன. "மதம் மாற்றிவிடுவார்கள்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் தயங்குவது இதனால்தான். இங்கே எத்தனையோ குடும்பங்கள் சர்ச்சுக்கு மாறியதைப் பார்த்தவர்களின் பயம் அது. அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல, மண்டபம் கூட்டம் நடத்த ஓர் இடம், அவ்வளவே. கடவுள் என்ற சொல் அடிக்கடி வரும். அவரவர் புரிந்துகொண்டபடி என்பதே அங்கே பொருள். முருகனை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரை யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

ஒரே ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு "எனக்குச் சரிப்படாது" என்று முடிவு கட்டுவதும் தவறுதான். ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு மாதிரி. ஒன்றில் வயதானவர்களே இருப்பார்கள், இன்னொன்றில் இளைஞர்கள். சில வாரங்கள், இரண்டு மூன்று குழுக்கள் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பெண்கள் முடிந்தால் பெண்கள் கூட்டத்தைத் தேடலாம். கலப்புக் கூட்டம் என்றால் பெண்களிடமே தொலைபேசி எண் வாங்கிக்கொள்வது நல்லது. இதெல்லாம் வெறும் பேச்சு என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வில், தொடர்ந்து குடிக்காமல் இருப்பதற்கு ஏ.ஏ.யில் சேர்த்துவிடும் முறையான சிகிச்சை மற்றச் சிகிச்சைகளைவிட நல்ல பலன் தருவதாகத் தெரிந்தது.

அடுத்தது புரட்டாசி. அந்த மாதம் பிறந்தால் நம் வீடுகளில் மாமிசம் இல்லை. பலர் பாட்டிலையும் தொடுவதில்லை. காவடி விரதத்திலும் அப்படித்தான். "ஒரு மாதம் விட முடிந்ததே, எனக்கு எதற்குக் கூட்டம்?" என்பார்கள். விரதம் முடிந்த வாரம் எப்படிப் போகிறது என்று பாருங்கள், பதில் தெரிந்துவிடும். இன்னொரு ஆபத்தும் இதில் இருக்கிறது. தினமும் நிறையக் குடிப்பவர் விரதத்துக்காகத் திடீரென்று நிறுத்தினால், சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கடுத்த நாட்களில் சிலருக்குப் புத்தி குழம்பி, இல்லாதது கண்ணுக்குத் தெரியும். உயிருக்கே ஆபத்தான நிலை அது. ஏ.ஏ. கூட்டத்தில் மருத்துவம் கிடையாது. முதலில் கிளினிக்குக்குப் போய், எவ்வளவு குடிக்கிறார் என்பதை மறைக்காமல் சொல்லி, மருந்தின் துணையோடு நிறுத்த வேண்டும். முன்பு வலிப்பு வந்தவர் என்றால் கிளினிக்குக்குப் போவதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டியது, எல்லாக் கூட்டத்திலும் அவர்கள் உட்கார முடியாது. 'ஓப்பன்' கூட்டம் என்றால் மனைவியும் மகளும் கூடவே போகலாம். 'குளோஸ்டு' என்றால் குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். குடும்பத்தினருக்கென்றே 1951இல் தொடங்கிய அல்-அனான் இருக்கிறது. "அவர் வர மாட்டேன் என்கிறார், நான் போய் என்ன செய்ய" என்று அக்காமார் பலர் வருடக்கணக்கில் வீட்டிலேயே தவிக்கிறார்கள். அல்-அனானுக்கு அவர் வர வேண்டியதே இல்லை. அவர் இன்னும் குடித்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் போகலாம்.